நாளைப் போவாரும் நம் தமிழாசிரியர்களும்

தமிழாசிரியர்களுக்கு மூன்று பித்து. ஊர் சுற்றுவது, பண்பாடு பேசுவது, எழுதுவது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இந்தப் பித்து இல்லாத தமிழ் வாத்தியாரைப் பார்ப்பது அரிது. லீவு வந்தால் வேன் பிடிக்கிறார்கள். செஞ்சிக் கோட்டை, மண்டகப்பட்டுக் குகை, எண்ணாயிரம் கோயில், கீழ்வாலைப் பாறை ஓவியம், திருக்கோவிலூரில் கபிலர் குன்று. போய்வந்து கட்டுரை எழுதுகிறார்கள். பத்துக் கட்டுரை சேர்ந்தால் புத்தகம். புத்தகத்துக்கு ஒரு விழா, பொன்னாடை, வாழ்த்துரை. நானும் தமிழ் வாத்தியார்தான். எனக்கும் மூன்று பித்தும் உண்டு. அதனால் வேலிக்கு வெளியே நின்று கல்லெறிகிறவன் பேச்சாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான். இந்த வேன் ஏன் ஒருநாளும் சேரிப் பக்கம் திரும்புவதில்லை?

எட்டாவது படிக்கும்போது தமிழய்யா கட்டுரை கொடுத்தார். தலைப்பு 'நான் சென்ற சுற்றுலா'. நான் எந்தச் சுற்றுலாவுக்கும் போனவன் இல்லை. ஆனால் ஊர் விட்டு ஊர் போயிருக்கிறேன். கரும்பு வெட்டும் பருவத்தில் அப்பா, அம்மா, ஆயா, நான், தங்கச்சி எல்லோரும் லாரி மேல் ஏறி ராத்திரியோடு ராத்திரியாகப் போவோம். சட்டி பானை, அரிசி மூட்டை, ஒரு கோழி, எல்லாம் கூடவே வரும். போன இடத்தில் கரும்புச் சோகையில் குடிசை போட்டுக்கொள்வோம். வெட்டு முடிந்தால் அடுத்த ஊர். அதைத்தான் எழுதினேன். லாரியில் தெரிந்த நட்சத்திரத்தைப் பற்றியும், சோகை கிழித்து ரத்தம் வந்த ஆயாவின் கையைப் பற்றியும் எழுதியதாக ஞாபகம். தமிழய்யா சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். "ஏண்டா, கூலி வேலைக்குப் போனதெல்லாம் சுற்றுலாவாடா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஊட்டிக்குப் போய்வந்த பையனின் கட்டுரையை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். ஆயா வெற்றிலையை மென்றபடி, "அவரு சொல்றது சரிதான்டா. நாம போறது பொழப்புக்கு. அவுங்க போறது பொழுதுக்கு. ரெண்டும் ஒண்ணாவுமா?" என்றது. அன்றைக்கு ஆயா சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு தமிழ் எம்.ஏ. படித்தபோதுதான் அந்தத் தமிழய்யாவின் சிவப்பு மை தமிழுக்கே விரோதமானது என்பது விளங்கியது.

ஏன் என்று சொல்கிறேன். தமிழில் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய பயண இலக்கியம் ஆற்றுப்படை. அதில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை நம் திண்டிவனத்தைச் சேர்ந்தது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். 269 அடி. அதில் வருகிற கிடங்கில் என்ற ஊர் இன்றைக்குத் திண்டிவனம் நகராட்சிக்குள் கிடங்கல் என்ற பேரோடு கிடக்கிறது. எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இந்தப் பாட்டில் வழி நடக்கிறவன் யார்? சோற்றுக்கு இல்லாத பாணன். அவன் வீட்டு அடுப்படியில் நாய் குட்டி போட்டுக் கிடக்கிறது. அங்கே உலை ஏறி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. பெண்டாட்டி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பார்த்தால் கேவலம் பேசுவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறார்கள். பொழப்பைத் தேடித்தான் அவன் நடக்கிறான். என் ஆயா கணக்குப்படி பார்த்தால் அவன் போனதும் பொழப்புக்குத்தான். அதாவது தமிழின் முதல் பயண நூல்களில் ஒன்று, பஞ்சம் பிழைக்கப் போனவன் நடந்த வழி. அதை எழுதிய நத்தத்தனார் இன்றைக்கு எட்டாவது படித்தால் அவருக்கும் 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்றுதான் விழும்.

இதை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 'ஆற்றுப்படை - விளக்குக.' இரண்டு மதிப்பெண். 'கடையெழு வள்ளல்களின் பெயர்களைப் பட்டியலிடுக.' ஐந்து மதிப்பெண். அந்தப் பட்டியலும் இந்தச் சிறுபாணாற்றுப்படையில்தான் வருகிறது. வள்ளலின் கொடையைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற வாத்தியார், பாணன் ஏன் பட்டினி கிடந்தான் என்று அரை நிமிஷம் பேசுவதில்லை. கொடுத்தவன் பேர் மனப்பாடம் ஆகிறது. வாங்கியவன் 'பாணன்' என்று பொதுப்பெயரில் முடிந்துபோகிறான்.

இன்னொன்றும் அந்தப் பாட்டில் இருக்கிறது. பாணன் போகிற வழியெல்லாம் சாப்பிடுகிறான். எயிற்பட்டினத்து மீனவர் குடியில் தேறலும் சுட்ட மீனும். வேலூரில் எயினர் குடியில் புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டுக் கறியும். ஒருத்தரும் அவனைத் திண்ணையில் உட்கார வைத்து எந்தத் தெரு என்று கேட்டதாகப் பாட்டில் இல்லை. அதற்காகச் சங்ககாலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பொய் நமக்கு வேண்டாம். அதே புறநானூற்றில் துடி அடிக்கிறவனைப் புலையன் என்றும், கோல் பிடித்து அடிக்கிறவனை இழிசினன் என்றும் கூப்பிட்ட புலவர்களும் உண்டு. துடியன், பாணன், பறையன், கடம்பன் இந்த நாலையும் தவிர வேறு குடி இல்லை என்று சொன்ன பாட்டும் அதே புறநானூற்றில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வாத்தியார் வேண்டும். நமக்குக் கிடைத்தவர்களோ இரண்டையும் விட்டுவிட்டு யாதும் ஊரே என்று மேடையில் முழங்குகிறார்கள். எல்லா ஊரும் நம் ஊர் என்றால், நம் ஊருக்குள்ளேயே ஊர் வேறு சேரி வேறு என்று எப்படி ஆயிற்று?

பாணனின் வழியை இன்றைக்கு ஒருவன் நடந்து பார்க்கட்டும். மரக்காணத்தில் தொடங்கட்டும். 2013 ஏப்ரல் 25ஆம் தேதி, மாமல்லபுரத்தில் நடந்த சாதிச் சங்க விழாவுக்கு ஆட்கள் வண்டி கட்டிப் போன நாளில், அதே மரக்காணத்தில் தலித்துகளின் வீடுகள் எரிந்தன. பாணனுக்கு மீன் சுட்டுப் போட்ட ஊரில் நம் சனங்களின் கூரையைச் சுட்டார்கள். இதை எந்தப் பண்பாட்டுப் பயணக் கட்டுரையிலாவது படித்திருக்கிறீர்களா? விழுப்புரத்துக்கு வாருங்கள். 1978 ஜூலையில் இந்த டவுனில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். மகேந்திரவர்மன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மண்டகப்பட்டில் குகை குடைந்ததை ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறோம். நல்லது. சாகும்போது உயிரோடு இருந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே அந்த 12 பேரை மட்டும் எப்படி மறந்தோம்?

செஞ்சிக்குப் போவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மராட்டியத்தில். தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்று. நம் வாத்தியார்களுக்குத் தலைகால் புரியவில்லை. தேசிங்குராஜன் கதையைத் திரும்பவும் எழுதினார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வர்ணித்தார்கள். நாலாவதாகச் சின்னதாக ஒரு மலை இருக்கிறது. அதன் பேர் சக்கிலிதுர்க்கம். சமார் டிக்ரி என்றும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பேர் எப்படி வந்தது? செருப்பும் சேணமும் தண்ணி இறைக்கிற தோல்சாலும் இல்லாமல் எந்தக் கோட்டை முந்நூறு நாள் தாங்கும்? அந்தத் தோலைப் பதப்படுத்தியவர்கள் எந்த மலையில் ஏறி நின்றார்கள்? மூன்று மலை ஏறி மூச்சு வாங்கி எழுதுகிற பண்பாட்டுப் பயணிக்கு நாலாவது மலையின் பேரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. ரசனை அந்த இடத்தில் நொண்டுகிறது.

எண்ணாயிரத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு அங்கே ஒரு கல்லூரி இருந்ததைச் சொல்கிறது. 340 மாணவர்கள். 270 பேர் கீழ்வகுப்பு, 70 பேர் மேல்வகுப்பு. வேதம், வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம். தினமும் நெல் அளந்தார்கள். 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் மாவட்டத்தில் பல்கலைக்கழகம்' என்று தலைப்புப் போட்டு எழுதுகிறார்கள். நம் மாவட்டம் சரி. அந்த 340 பேரில் நம்மாள் எத்தனை பேர்? அளந்த நெல்லை நட்டது யார், அறுத்தது யார்? ராஜேந்திரனின் அப்பன் தஞ்சாவூரில் வெட்டிவைத்த கல்வெட்டில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று இடம் குறித்து எழுதியிருக்கிறது. கல்லில் இருக்கிறது. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதியைப் படித்துவிட்டுப் பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள்.

"நீங்க எல்லாத்துலயும் சாதியப் பாக்கறீங்க சார். ரசிக்கவே தெரியல" என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனுஷன்தான். அவருக்குப் பதில் சொல்ல என் கதை ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை இதுவரை எழுதியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்த வேனில் ஏறினேன். ஒரு கிராமத்துப் பாழடைந்த கோயிலில் கல்வெட்டுப் பார்க்கப் போனோம். நல்ல வெயில். ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொன்னார். சொம்பு வருவதற்கு முன்னால் கேள்வி வந்தது. "சாருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என்முறை வந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த சக ஆசிரியர் முந்திக்கொண்டு, "அவரு நம்மாளுதாங்க" என்றார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் மறுக்கவில்லை. மோரைக் குடித்தேன். உப்பும் கறிவேப்பிலையும் போட்ட நல்ல மோர். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இறங்கியது. தாகம் அப்படி.

அதைவிடக் கேவலம் அடுத்துச் செய்தது. அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு மலருக்குக் கட்டுரை எழுதினேன். கல்வெட்டின் எழுத்தமைதியைப் பற்றி எழுதினேன். ஏரிக்கரைப் பனைகளைப் பற்றி எழுதினேன். 'கிராமத்து மக்களின் விருந்தோம்பல் நெஞ்சை நிறைத்தது' என்றும் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். எட்டாவதில் தமிழய்யா போட்ட சிவப்புக் கோட்டை இந்தத் தடவை நானே என் மேல் போட்டுக்கொண்டேன். அந்தக் கட்டுரையைப் பாராட்டி நாலு பேர் பேசினார்கள். அதுவரை நான் எழுதியதில் அதற்குத்தான் அதிகப் பாராட்டு. பயண இலக்கியத்தின் ரசனை என்பது எதை மறைத்தால் வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆகவே நண்பரே, சாதியை நான் தேடிப் பார்க்கவில்லை. மோர்ச் சொம்புக்கு முன்னால் அதுதான் வருகிறது.

நகரத்தார் எங்கே போனாலும் தங்க விடுதி கட்டிவைத்தார்கள், காசி வரைக்கும். காந்தியைப் படம் எடுக்க உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியாரின் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் சத்திரத்துத் திண்ணையே கிடைக்காதவன் எதைப் பயணக் கட்டுரையாக எழுதுவான்? நம் பக்கம் இருந்து பயணம் போக ஆசைப்பட்ட ஒருவனைத் தமிழ் இலக்கியம் நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறது. நந்தன். தில்லையைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு அது பேராகிவிட்டது. சேக்கிழார் அவனைத் திருநாளைப்போவார் என்கிறார். உலகத்தில் போகாத பயணத்தால் பேர் வாங்கியவன் நம்மாள் ஒருத்தன்தான். கோயில் முரசுக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுத்தவன் வெளியே நின்றான். கடைசியில் போனான், போனவனை நெருப்பில் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள். இதைப் பக்தி என்று வகுப்பில் நடத்துகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதையை எடுத்துக் கீர்த்தனை ஆக்கியபோது, நந்தனுக்கு லீவு தராத வேதியர் ஒருவரையும் சேர்த்தார். சபாவில் உருகி உருகிக் கேட்டார்கள். உருகியவர்கள் வீட்டுப் பண்ணையாளுக்கு லீவு கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நந்தன் கதை பழைய கதை என்று நினைக்கிறவர்கள் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதிக்குப் போகலாம். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தடுக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். கோர்ட்டுக்குப் போய், இரண்டு வருஷம் கழித்து, 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடு நம் சனங்கள் உள்ளே போனார்கள். தில்லை கூட வேண்டாம், சொந்த ஊர்க் கோயில். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த நடைக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இந்த இரண்டு வருஷத்தில் அந்த ரோட்டு வழியாக எத்தனை பண்பாட்டு வேன்கள் போயிருக்கும்?

நம்மிடம் பயணிகள் இல்லையா? இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவி வந்தார். திண்டிவனத்திலிருந்து மெட்ராஸ் போகிற வழியில் மதுராந்தகம். அதன் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பேர் வைத்தவர். தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் வேலை பார்த்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். 1939இல் தன் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கி எழுதி வெளியிட்டார். பயண இலக்கிய வரலாறு எழுதுகிற எந்த வாத்தியாரின் பட்டியலிலாவது இவர் பேர் இருக்கிறதா? இத்தனைக்கும் பயணம் என்பதற்கே அடிப்படையான ஒன்றைச் செய்தவர் அவர். 1924இல் மெட்ராஸ் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொது ரோட்டில், தெருவில், கிணற்றில், சாவடியில் யாரையும் தடுக்கக்கூடாது என்றது. அரசாங்கம் அதை ஆணையாகவும் போட்டது. கடல் தாண்டிய மனுஷன் ஊர்த்தெருவில் நடப்பதற்குத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய பயண இலக்கியம் என்ன இருக்கிறது?

வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்களும் நமக்கு உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. ராஜ் கௌதமன் புதுச்சேரிக் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே 'தலித் பண்பாடு' எழுதினார். கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தார், பிறகு 'வடு' எழுதினார். இவர்கள் தங்கள் தெருவை எழுதினார்கள். அந்தத் தெருதான் தமிழுக்குப் புது ஊராக இருந்தது. திண்டிவனத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி தாய்த்தமிழ்ப் பள்ளி தொடங்கினார். இருளர் குடியிருப்புகளுக்கு நடந்தார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்த நடையில் உருவானது. ஊர் சுற்றுகிற வாத்தியாருக்கு நம் மாவட்டத்திலேயே இப்படி ஒரு முன்மாதிரி இருக்கிறது. அவர் போன வழியில் வேன் போகாது, நடந்துதான் போக வேண்டும்.

கடைசியாக நம்மவர்களுக்கு. வாத்தியார் வேலை கிடைத்ததும் டவுனில் ஏதோ ஒரு 'நகரில்' வாடகைக்கு வீடு பிடிக்கிறோம். சாதி கேட்டால் மழுப்புகிறோம். வாட்டர் பாட்டில் வாங்கிக்கொண்டு வேனில் ஏறினால் மோர்ச் சொம்புச் சங்கடம் இல்லை என்று நினைக்கிறோம். நான் நினைத்தேன். பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்தும்போதுதான் அது எத்தனை பெரிய தப்பு என்று தெரிகிறது. 1976லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் செங்கல் சூளைக்கும், அரிசி ஆலைக்கும், கரும்புத் தோட்டத்துக்கும் அப்பா அம்மாவோடு போய்த் திரும்பி வருகிற பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன இடத்தில் பள்ளிக்கூடம் போகவில்லை. வந்த இடத்தில் 'தொடர் விடுப்பு' என்று வருகைப்பதிவேட்டில் சிவப்பு மை. நம் வகுப்பிலேயே அதிக தூரம் பயணம் செய்தது அவர்கள்தான். நாம் அவர்களிடம் போய் ஊட்டியைப் பற்றிக் கேட்கிறோம்.

போன வருஷம் நான் தலைப்பை மாற்றினேன். 'நான் போய்வந்த ஊர்' என்று போட்டேன். எதற்காகப் போனாலும் எழுதலாம் என்றேன். வழக்கமாக நாலு வரியோடு நிறுத்துகிற ஒரு இருளர் வீட்டுப் பெண் மூன்று பக்கம் எழுதியிருந்தது. சூளையில் அறுத்த கல்லைக் கணக்குப் பண்ணுவதில் மேஸ்திரி எப்படி ஏமாற்றுவான் என்று கணக்கோடு எழுதியிருந்தது. எழுத்துப் பிழை நிறைய. எனக்குச் சிவப்பு மை எடுக்கக் கை வரவில்லை. பென்சிலால் திருத்திவிட்டு, எழுந்து நின்று படிக்கச் சொன்னேன். வகுப்பு சிரிக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் இருந்த பையன், "ஐயா, எங்க மேஸ்திரியும் அப்படித்தாங்கையா" என்றான்.

தோழர்களே, தமிழ் நடத்துகிற ஒவ்வொருவரும் இந்த ஒரு தலைப்பையாவது மாற்றுங்கள். வேனில் போகிறவர்கள் போகட்டும். கல்வெட்டைப் படிக்கட்டும், முழுசாகப் படிக்கட்டும். மாணவர்கள் உங்கள் ஆயா நடந்த வழியைக் கேட்டு எழுதுங்கள். எந்த ஊரில் தண்ணி கொடுத்தார்கள், எந்த ஊரில் கையில் ஊற்றினார்கள் என்று பேரோடு, வருஷத்தோடு எழுதுங்கள். நான் அந்தப் பழைய கட்டுரையை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். 'விருந்தோம்பல்' என்ற சொல்லை அடித்துவிட்டு, என்ன கேட்டார்கள், நான் என்ன சொல்லாமல் விட்டேன் என்று எழுத வேண்டும்.